ஸ்டீரிங்குக்குப் பொட்டு வைத்த நாள்

கண்ணுசாமி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடியும் போவார். பதினோரு வருஷம் லாரி ஓட்டிய காலத்திலும் கிளீனர் மாட்டிய டயர் நட்டைத் தாமே ஒரு தரம் முறுக்கிப் பார்க்காமல் வண்டியை எடுத்ததில்லை. கூட வரும் டிரைவர்கள் அவர் குனிந்து நிமிர்ந்து முடிப்பதற்குள் இரண்டாவது டீயைக் குடித்துவிடுவார்கள்.

லாரியை விட்ட பிறகு ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருந்த அந்த ஊருக்கு அது ஒன்றுதான் கார். கல்யாணமோ கருமாதியோ, அவசரமென்றால் எல்லாரும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரவேண்டும்.

அந்தக் காரின் ஸ்டீரிங் வெயிலில் விரிசல் விட்டு, திருப்பும்போதெல்லாம் உள்ளங்கையைக் கிழித்தது. 1978இல் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்னால் சேலம் போய், பழைய சாமான் கடையில் வேறொரு ஸ்டீரிங் வாங்கிவந்தார். மாட்டும் வேலையை மெக்கானிக்கிடம் கொடுக்க மனசில்லை. அவன் சரியாக மாட்டினானா என்று பார்க்க மறுபடி கழற்ற வேண்டியிருக்கும், அதற்கு நாமே செய்துவிடலாம் என்பது அவர் நியாயம்.

பூசைக்கு முந்தின நாள் வேப்பமர நிழலில் வேலையைத் தொடங்கினார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். முன் சக்கரங்களை நேராக நிறுத்தினார். ஸ்டீரிங்கின் நடு மூடியை நெம்பி எடுத்து, நடுத்தண்டின் தலையில், நேர் எது என்று தெரிய, உளியால் ஒரு கோடு கிழித்தார். பிறகு நட்டைத் தளர்த்தினார், ஆனால் முழுக்கக் கழற்றாமல் நாலு மரை விட்டுவைத்தார். இறுகிக் கிடக்கும் ஸ்டீரிங் சட்டென்று விடுபட்டால் நேராக முகத்தில் வந்து அடிக்கும். நட்டு இருந்தால் அதோடு நின்றுகொள்ளும். இரண்டு கையாலும் அப்படியும் இப்படியும் அசைத்து இழுத்ததில் அரை மணி கழித்து டொக்கென்று வந்தது.

வாங்கிவந்ததை அப்போதே மாட்டியிருப்பார். அவர் மனைவி ராமாயி வந்து நின்றாள்.

"புதுசா வாங்கின சாமானுங்க. நாளைக்குப் பூசையில வெச்சு எடுத்து மாட்டிக்கலாமுங்க."

சேலத்தில் யாரோ ஓட்டித் தேய்ந்த சாமான் இவர்களுக்குப் புதுசு. பூசையன்று எப்படியும் வண்டி ஓடாது என்பதால் சரியென்று விட்டார். மகள் வசந்தாமணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

மறுநாள் காலை ராமாயி ஸ்பேனர், சுத்தியல், ஸ்டீரிங், நட்டு எல்லாவற்றையும் கழுவி, பலகையில் அடுக்கி, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். ஸ்டீரிங்கின் வளையத்தில் மூன்று பொட்டு. நடு ஓட்டை வெறுமையாக இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. அதற்குள்ளும் விரலால் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். பூசை முடிந்தால் மறுநாள் காலை வரை ஆயுதத்தை யாரும் தொடக்கூடாது.

மத்தியானம் இரண்டு மணிக்கு வசந்தாமணிக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி ஜானகியம்மாள் வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவள் முகமே சரியில்லை.

"கொழந்த கால் பக்கமாத் திரும்பிக் கெடக்குதுங்க. இது என்னால ஆகாது. உடனே திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

ஒரு மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் நாலரைக்கு. காரில் ஸ்டீரிங் இல்லை. ராமாயி பூசைப் பலகையைப் பார்த்தாள். பிறகு அவளே ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவரிடம் நீட்டினாள்.

"சாமி ஒண்ணும் சொல்லாதுங்க. போய் மாட்டுங்க."

மாட்டினார். கோட்டைப் பார்த்து நேராக வைத்து அழுத்தினார். ஸ்டீரிங் பாதி இறங்கி, கொஞ்சம் முரண்டு பிடித்து, உட்கார்ந்தது. நட்டைத் திருகி, பலங்கொண்ட மட்டும் முறுக்கினார். இறுகிவிட்டது. மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனிதர், உள்ளே மகள் அலறுகிறாள் என்பதால் ஒரு தரம் மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுப் பேட்டரி வயரைப் போட்டார்.

பின்சீட்டில் வசந்தாமணியும் ஜானகியம்மாளும், முன்னால் ராமாயி. ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. மூன்று மைல் தாண்டி ஒரு வளைவில் திருப்பும்போது கையில் கடுகளவு ஆட்டம் தெரிந்தது. வழக்கமான நம் பயம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வளைவில் ஸ்டீரிங் ஒரு நூல் அளவு தன் பக்கம் வந்ததுபோல இருந்தது. இன்னும் எட்டு மைல். நிறுத்தினால் நேரம் போகும், குழந்தைக்கு ஆகாது. நிறுத்தாமல் போய் எதிரே லாரி வரும்போது இது கையோடு வந்துவிட்டால் நாலு உயிரும் போகும், பிறக்காததோடு ஐந்து.

புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"ஏனுங்க நிறுத்தறீங்க? நேரமில்லீங்க" என்றாள் ஜானகியம்மாள்.

"ஸ்டீரிங்கப் பாக்கோணும்."

ராமாயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்குமா உங்க சந்தேகம்? புள்ள துடிக்கறது காதுல உழுகலீங்களா?"

"அப்பா, போங்கப்பா" என்று வசந்தாமணி அழுதாள். அது அவரை அறுத்தது. ஆனாலும் ஸ்டீரிங்கின் நடு மூடியை நெம்பி எடுத்துவிட்டு நட்டில் விரலை வைத்தார். ஸ்பேனரே தேவைப்படவில்லை. விரலிலேயே சுழன்று வந்தது. ஸ்டீரிங்கை இழுத்தார். நேற்று பழையதை அரை மணி மல்லுக்கட்டி எடுத்தவர் கையில் இது தானாக வந்து உட்கார்ந்தது.

தண்டைக் கவ்விப் பிடிக்க வேண்டிய ஓட்டையின் உள்பல்லெல்லாம் மஞ்சளாக இருந்தது. சந்தனம். ஸ்டீரிங் தண்டில் உட்காராமல் காய்ந்த சந்தனத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரோட்டின் குலுக்கலில் அது பொடிந்து உதிர, நட்டுக்குப் பிடிமானம் போய்விட்டது. தோளில் கிடந்த துண்டால் பல் பல்லாகத் துடைத்தார். நட்டின் மரையையும் துடைத்தார். சக்கரம் நேராக இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தார். கோட்டைப் பார்த்து வைத்து அழுத்தினார். இந்தத் தடவை அரை விரல்கடை கூடுதலாக இறங்கியது. தோள்பட்டை வலிக்கும்வரை முறுக்கினார். மூன்று தரம் இழுத்துப் பார்த்தார்.

பத்து நிமிஷம் ஆகியிருந்தது. மீதி எட்டு மைலும் அவர் அந்தப் பத்து நிமிஷத்தையேதான் ஓட்டினார். பின்சீட்டில் சத்தம் வந்தால் பயமாக இருந்தது, சத்தம் நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் வசந்தாமணியை உள்ளே தூக்கிப் போனார்கள். கண்ணுசாமி காருக்குப் பக்கத்திலேயே நின்றார். உள்ளே போய் என்னவென்று கேட்கத் தைரியம் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ராமாயி வந்தாள்.

"பொட்டப்புள்ளைங்க. அறுத்துத்தான் எடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க."

காரின் மட்கார்டில் சாய்ந்துகொண்டார். ராமாயி நகரவில்லை.

"அந்த ஓட்டைக்குள்ள மஞ்சளா இருந்துச்சே. அது நான் வெச்ச சந்தனமுங்களா?"

மனசில் ஒரு சந்தேகம் வந்தால் ஊருக்கே கேட்கச் சொல்லிவிடுகிற மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை மறைத்தார். "துரு. பழைய சாமானில்ல."

அவள் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "துருவுக்கு வாசம் அடிக்குமுங்களா?" என்றாள். "எல்லாரையும் கொன்னுருப்பேனுங்களே."

"சந்தனம் வெச்சது நீ. துடைக்காம மாட்டுனது நானு" என்றார் கண்ணுசாமி. "ஒரு தடவதான் இழுத்துப் பாத்தேன், புள்ள."

ராமாயி அந்தத் துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைக் காட்ட அவரை உள்ளே கூட்டிப்போனாள்.