இடது முழங்கையில் சாய்ந்து

புவாண்ட்-கிளேர் என்கிற ஊரில் ஒரு தளபாடக் கடையில் சோபா விற்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு புது மாதிரி வந்தது. ஒரு பக்கம் மட்டும் கை உயர்ந்து வளைந்திருக்கும், மற்றப் பக்கம் திறந்தபடி. கடைந்த கால்கள் உள்ள சாய்கட்டில். மனேஜர் எங்களைக் கூப்பிட்டுப் படங்கள் காட்டினார். பழைய ரோமாபுரிப் பெரிய வீடுகளில் சாப்பாட்டு மேசையின் மூன்று பக்கமும் இப்படிக் கட்டில் போட்டிருப்பார்களாம். விருந்தாளிகள் இடது முழங்கையில் சாய்ந்து படுத்து, வலது கையால் எடுத்துச் சாப்பிடுவார்களாம். இன்றைக்கு நாங்கள் விற்கிற சாய்வு சோபாக்களெல்லாம் அந்த வழியில் வந்தவைதான், அதைச் சொல்லி விற்கவேண்டும் என்றார்.

அந்த விண்டரில்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வலது கை தப்பியது. கோட்-டெ-நெய்ஜில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி வந்து, கண்டிப்பாகச் சொன்னார்: நிமிர்ந்து இருக்கும்போது மட்டும் சாப்பாடு. தண்ணீர்கூட மா கலந்து தடிப்பாக்கித்தான். இல்லாவிட்டால் சாப்பாடு மூச்சுக்குழாயால் நெஞ்சுக்குள் இறங்கும். அதையெல்லாம் எழுதி பிரிஜ்ஜில் ஒட்டினேன்.

சக்கர நாற்காலியில் அவர் இடப் பக்கம் சரிந்துகொண்டே போவார். விழாமலிருக்க வலது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு எந்தக் கையால் சாப்பிடுவது? நான் கரண்டியால் தீத்தப் போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். அவர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பராமரிக்கிற வேலை செய்தவர்.

“எத்தனை பேருக்கு நான் தீத்தியிருக்கிறன். எனக்கு ஒருத்தரும் தீத்த வேண்டாம்.”

உடம்பு வற்றிக்கொண்டே போனது.

கடையில் காட்சிக்கு வைத்திருந்த சாய்கட்டிலில் கறை பட்டது. கேட்டேன், தந்துவிட்டார்கள். உயர்ந்த கை அவருடைய இடப் பக்கம் வருகிற மாதிரிப் படுக்க வைத்து, விலாவுக்கு ஒரு தலையணை கொடுத்தேன். சரியவில்லை. வலது கை சும்மா இருந்தது. இடியப்பத்தைச் சொதியில் குழைத்துத் தானே எடுத்துச் சாப்பிட்டார்.

“அந்தக் காலத்து ரோமாபுரிப் பெரிய மனுசர் இப்பிடித்தான் சாப்பிட்டவையாம்” என்றேன்.

“அப்ப நீர் ஆர்? அடிமையோ?”

“ஓம். வேற ஆர்?”

பாதி வாயால் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. முதுகைத் தடவிவிட்டேன்.

மூன்று கிழமை அப்படிச் சாப்பிட்டார். சாப்பிடும்போதெல்லாம் இருமல் வந்தது. பிரிஜ்ஜைத் திறக்கும்போது அந்தக் கடதாசி கண்ணில் படும். ஒருநாள் அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அந்தப் பெண் வருகிற நாளில் மட்டும் அவரை நாற்காலியில் இருத்தினேன். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, “நல்லாச் சாப்பிடுறன்” என்று அவரே சொன்னார்.

நாலாவது கிழமை காய்ச்சல் வந்தது. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் நுரையீரலில் கிருமி என்றார்கள். வீட்டில் எப்படிச் சாப்பிட்டவர் என்று தாதி கேட்டார். “நிமிர்ந்து இருந்து” என்றேன். கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

இந்தப் பக்கவாத வருத்தத்தில் எப்படிக் கவனமாக இருந்தாலும் இப்படி நடக்கலாம் என்று டொக்டர் ஆறுதல் சொன்னார். அவருக்கு நடந்தது தெரியாது. பிள்ளைகளுக்கும் நான் சொல்லவில்லை. செத்தவீடு முடிந்து வேலைக்குப் போனேன். அந்தச் சாய்கட்டில் நன்றாக விற்றது. ரோமாபுரிக் கதையை மட்டும் நான் சொல்வதை விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரி தந்திருந்த சக்கர நாற்காலியைத் திருப்பி எடுக்க விழுங்கும் பயிற்சி கொடுத்த அந்தப் பெண் வந்தார். வாசலில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன், கடதாசியைக் கழற்றியது உட்பட. கோபிப்பார் என்று நினைத்தேன். சப்பாத்தில் பனி உருகி வழிய, அப்படியே நின்றார்.

“என்னிட்டைச் சொல்லியிருந்தா, அவர் தானே சாப்பிட வேற வழி பாத்திருப்பம்” என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்.

வேறு வழி இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. நாற்காலியை மடித்து லிப்ட்வரை நான்தான் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.