மனைவிக்கு ஒரு நட்சத்திரம்

வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். பிறந்தவர் பேரைச் சேர்ப்பது, இறந்தவர் பேரை நீக்குவது, உயிரோடு இருப்பவரைத் தவறுதலாக நீக்கிவிட்டால் மறுபடி உயிர்ப்பிப்பது என்று எதைக் கேட்டாலும், எந்தப் படிவம், எத்தனை நகல், யார் கையெழுத்து என்று தூக்கத்திலும் சொல்வேன். இட்டுக்கட்டிய பதிவைப் பத்தடி தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவேன் என்ற பெருமையும் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட பதிவு ஒன்றோடு முப்பத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்பது போன ஏப்ரலில்தான் தெரிந்தது.

வரதய்யபாளையத்திலிருந்து மனைவியின் அண்ணன் எங்கள் சித்தூர் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த வாரம் தங்கைக்கு அறுபது முடிகிறது, திருப்பதியில் ஒரு சிவன் கோவிலில் அவள் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன்.

"எந்த நட்சத்திரத்துக்கு மாப்ள?"

"ரேவதிக்குத்தான்."

மனிதருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது இன்னுமா ஓடிக்கினுகீது?" என்று சிரித்தார்.

பிறகு விஷயம் வெளியே வந்தது. அவர்கள் வீட்டில் யாருக்குமே ஜாதகம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். பிள்ளை பிறந்த நேரத்தைக் குறித்து வைக்க வீட்டில் கடிகாரமும் இல்லை, எழுதத் தெரிந்தவரும் இல்லை. என் மனைவியின் பிறந்த தேதி, பள்ளியில் சேர்க்க வயது போதவேண்டும் என்பதற்காக ஹெட்மாஸ்டர் போட்டுக் கொடுத்தது. எங்கள் வீட்டில் ஜாதகம் கேட்டபோது, என் மாமனார் இரண்டு கூடை மாம்பழத்தோடு பங்காருபாளையம் பக்கம் ஒரு ஜோசியரிடம் போயிருக்கிறார். பெண் எப்போது பிறந்தாள் என்று ஜோசியர் கேட்கவே இல்லையாம். மாப்பிள்ளைக்கு என்ன நட்சத்திரம் என்று மட்டும் கேட்டாராம். என்னுடையது திருவோணம். கொஞ்சம் யோசித்துவிட்டு, பெண்ணுக்கு ரேவதி என்று எழுதியிருக்கிறார்.

"பத்துப் பொருத்தமும் வந்தா சந்தேகப்படுவாங்க, எட்டு போதும்னு அவரே சொன்னாரு மாப்ள. நைனா வாயப் பொளந்துகினு கேட்டுக்கினு இருந்தாரு."

அந்த ஜோசியர் எங்கள் துறைக்கு வந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

அன்றைக்கு என் மனைவியும் சேர்ந்துதான் சிரித்தாள். மறுநாள் காலையில் காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"முப்பத்தேழு வருஷமா ரேவதி, ரேவதின்னு அர்ச்சன பண்ணீங்களே, அதெல்லாம் யாருக்குப் போய்க்கினு இருந்திச்சி?"

துறைரீதியாகப் பார்த்தால் அது நியாயமான கேள்வி.

"எனக்குன்னு ஒண்ணு வேணும். இல்லன்னா அந்த அர்ச்சனயே வாணாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காலம் கடந்த பதிவுக்கு ஆதாரம் வேண்டும். பிறப்பைப் பார்த்த சாட்சிகள் ஒருவரும் இல்லை. வருஷமே உறுதியாகத் தெரியாதபோது பஞ்சாங்கத்தை எங்கே பிரிப்பது? நட்சத்திரத் திருத்தத்துக்கு அரசு இன்னும் படிவம் அச்சிடவில்லை. இரண்டு நாள் யோசித்தபின் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஆவணம் இல்லாத இடத்தில் நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்வதுதான் முறை. வானத்தைக் காட்டி, பிடித்ததை அவளையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். நான் ஓய்வு பெற்றபோது மகள் வாங்கித் தந்த தொலைநோக்கி அலமாரி மேல் பெட்டியோடு கிடந்தது. அதோடு வந்த புத்தகங்களை மட்டும் நான் வரி விடாமல் படித்திருந்தேன்.

சாயங்காலம் ஏழரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போனோம். முதலில் ரேவதியைக் காட்டச் சொன்னாள். ரேவதி மிகவும் மங்கலான நட்சத்திரம். அதிலும் ஏப்ரலில் சூரியனுக்கு அருகிலேயே இருப்பதால் கண்ணில் படாது.

"ஜோசியர் கெட்டிக்காரர்தான். யாரும் போயி விசாரிக்க முடியாத ஆளாப் பாத்துப் போட்டுக்கீறாரு" என்றாள்.

மேற்கே திருவாதிரை சிவந்து தெரிந்தது. அதில் தொடங்கினேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் நட்சத்திரம் புள்ளியாகத்தான் தெரியும், நிறத்தை மட்டும் பார் என்றேன். சிவப்பு என்றால் சூடு குறைவு, நீலம் என்றால் சூடு அதிகம் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"வெறவு அடுப்புல கங்கு செவப்பா இருக்கும். கேஸு நீலமா எரியும். இதுக்கு எதுக்குங்க பொஸ்தகம்?"

திருவாதிரையின் கதையைச் சொன்னேன். நம் சூரியனைப்போலப் பல மடங்கு எடை. எடை கூடினால் ஆயுள் குறையும், ஏனென்றால் இருப்பதை அவ்வளவு வேகமாக எரித்துத் தீர்த்துவிடும். இப்போது ஊதிப் பெருத்து நிற்கிறது. ஒருநாள் வெடிக்கும். நாளைக்கே இருக்கலாம், லட்சம் வருஷமும் ஆகலாம். அப்படி வெடித்த நட்சத்திரங்களிலிருந்து வந்ததுதான் நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பு.

"டாக்டரம்மா எனக்கு இரும்புச் சத்து கம்மின்னாங்களே, அது வெடிக்கறதுக்குக் காத்துக்கினு இருக்கணுமா? முருங்கக்கீர துன்னுனா போதாதா?"

சூரியனைப்போன்ற சின்ன நட்சத்திரங்கள் வெடிப்பதில்லை என்றேன். வயதானதும் ஊதும், மேல்தோலை உதிர்க்கும், கடைசியில் பூமி அளவுக்குச் சுருங்கிப்போகும். அதற்கப்புறம் உள்ளே எந்த வேலையும் நடக்காது. பழைய சூட்டை வைத்துக்கொண்டே மெல்ல ஆறிக்கொண்டு ஒளிவிடும்.

"உங்கள மாதிரி" என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. பணி மூப்பு அடைந்தவர்களைப் பற்றி இதைவிடச் சரியாக எந்த அரசாணையும் சொன்னதில்லை.

இப்படி நாலு சாயங்காலம் போயிற்று. உச்சியில் இருந்த மகத்தைக் காட்டினேன். அசுர வேகத்தில் தன்னைத்தானே சுற்றுவதால் நடுவில் பிதுங்கிப்போன நட்சத்திரம். அதைப் பார்த்தால் தனக்கே தலை சுற்றுகிறது என்றாள். சித்திரை நட்சத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் அது இரண்டு நட்சத்திரங்கள். நாலே நாளில் ஒன்றையொன்று சுற்றிவந்துவிடும். அந்த இழுப்பில் இரண்டுமே முட்டை வடிவமாக நீண்டுவிட்டன. தாம்பத்யத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"முப்பத்தேழு வருஷமா அதத்தான பண்ணிக்கினு இருக்கேன்? அறுபதுக்கு மேலயுமா? வேற காட்டுங்க."

நாலாம் நாள் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் ஏறிவந்த சுவாதியிடம் தொலைநோக்கியைத் திருப்பினேன். அவள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. இது சூரியனைவிட மூத்தது என்றேன். எடை ஏறக்குறைய அதே அளவுதான். நடுவில் இருந்த ஹைட்ரஜனை எரித்து முடித்துவிட்டு, இப்போது விரிந்து பிரகாசிக்கிறது. சூரியனுக்கு நாளைக்கு நடக்கப்போவது இதற்கு இன்றைக்கே நடந்துகொண்டிருக்கிறது. சுற்றியுள்ளவை எல்லாம் கூட்டமாக ஒரு பக்கம் போக, இது மட்டும் வேறெங்கிருந்தோ வந்து அவற்றை வெட்டிக்கொண்டு குறுக்கே போகிறது.

"எவனையும் கேக்காம அது பாட்டுக்குப் போவுதா?"

"போகுது. இப்போ நமக்குக் கிட்ட வந்திருக்கு. ஒளி அங்கேருந்து இங்கே வர முப்பத்தேழு வருஷம்."

அவள் தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். நானும் வாயில் வந்த பிறகுதான் அந்த எண்ணைக் கவனித்தேன்.

"நீ இப்போ பாக்கிறது நம்ம கல்யாண சமயத்துல கிளம்பின வெளிச்சம். அங்கே யாராவது இருந்து இன்னைக்கு இந்தப் பக்கம் பாத்தா, நம்ம கல்யாணம் நடந்துக்கிட்டிருக்கும்."

எங்கள் கல்யாணத்துக்குப் புகைப்படமே கிடையாது. சொல்லி வைத்த போட்டோக்காரர் தடாவில் பஸ்ஸைத் தவறவிட்டு, பந்தல் பிரித்த பிறகு வந்து சேர்ந்தார். சாப்பாடு மட்டும் முறையாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வருத்தத்தை நான் வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருக்கிறேன்.

"அப்போ அங்க யாராச்சும் இருந்தா, நான் எப்டி இருந்தேன்னு இன்னிக்குப் பாத்துக்கினு இருப்பாங்க?"

"பாக்கலாம். நல்ல தொலைநோக்கியா இருக்கணும்."

"அந்தப் பச்ச பார்டர் பொடவ தெரியுமா?"

"நிறம்தான் முதல்ல தெரியும்."

அவள் சிரித்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். நிமிராமலே, "இதுவே இருக்கட்டும்" என்றாள்.

கீழே வந்ததும் வழக்கப்படி சரிபார்த்தேன். திருவோணமும் சுவாதியும் ஒரே ரஜ்ஜு. அப்படி ஒன்றாக இருந்தால் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்று அர்த்தம். அந்தப் பொருத்தம் மட்டும் இல்லையென்றால் எந்த ஜோசியரும் மேலே பேசாமல் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதுவும் கழுத்து ரஜ்ஜு, பெண்ணின் உயிருக்கே ஆகாது என்பார்கள். இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று புரண்டுகொண்டிருந்தேன். சொல்லவில்லை. வந்த தகவல் எல்லாவற்றையும் கோப்பில் சேர்க்க வேண்டியதில்லை என்பதும் ஒரு நடைமுறைதான்.

அர்ச்சனை நாளன்று திருப்பதியில் அவள் காலையிலேயே தயாராக நின்றாள். கோவிலில் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு தெலுங்கில் பேரும் நட்சத்திரமும் கேட்டார். வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் பேரையும் திருவோணத்தையும் அவளே சொன்னாள். பிறகு தன் பேரைச் சொன்னாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே, "சுவாதி" என்றாள்.

குருக்கள் மந்திரத்தைத் தொடங்கப் போனவர் நின்றுவிட்டார். விஷயம் தெரிந்த மனிதர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"திருவோணமும் சுவாதியும் ஒரே ரஜ்ஜு ஆச்சேம்மா. யாரு பொருத்தம் பாத்தது?"

நான் கோப்பில் சேர்க்காமல் விட்ட தகவல் கோவிலில் வந்து நின்றது. அவள் அசரவில்லை.

"இதுக்கு யாருமே பாக்கல சாமி" என்றாள். "அதான் நல்லாக்கீறோம்."

குருக்கள் வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் உள்ளே திரும்பி, அவள் பேரோடு சுவாதி நட்சத்திரத்தைச் சேர்த்து மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அவள் தலையாட்டிச் சரிபார்த்துக்கொண்டாள்.