ஒரு வேன் நிறையப் பெண்களும் ஞானம் அக்காவும்

ஞானம் அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவள் ஏழாயிரம்பண்ணை மாரியம்மாள். காலை ஆறரை மணி இருக்கும். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "சிஸ்டர், அக்கா போயிட்டாகளாம்" என்றாள் போனில். நெஞ்சு வலி என்று எழுந்து உட்கார்ந்தாராம், அவ்வளவுதான். "அவுக மகன் எனக்குத்தான் மொதல்ல போன் போட்டாரு. அம்மா போன்ல மொத நம்பரு ஒங்களுதுதான் இருக்குன்னாரு" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். இருபத்தாறு ஆண்டுகள் கூடவே வேலை பார்த்த என் எண் எத்தனையாவதோ என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. அக்காவிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அவருடைய முழுப்பெயர் ஞானசுந்தரி. விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் செவிலியர்களாகச் சேர்ந்தோம். பெரும்பாலான ஆண்டுகள் தீக்காய வார்டில்தான். பட்டாசு ஆலைகளுக்கு நடுவே இருக்கும் ஊரில் அந்த வார்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவரிடம் திட்டு வாங்கிய டாக்டர்கள், மருந்தாளர்கள், வார்டு உதவியாளர்கள், இன்னும் நான்கு மாவட்டங்களில் சிதறிக்கிடக்கும் நம் பழைய செவிலியர்கள் எல்லோரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா ஒரு சாப்பாட்டுப் பிரியர். எந்தத் தெருவில் எந்தக் கடையில் எந்தக் கிழமை சால்னா நன்றாக இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. ஞாயிறு ஆராதனையில் கடைசி ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது என் காதருகே வந்து, "செல்வி, இன்னைக்கு எங்கன வாங்குவோம்?" என்பார். வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், பிரித்துச் சாப்பிடுவோம். அப்போது எங்கள் ஊரில் சின்னப் பரோட்டாக் கடைகளில் பெண்கள் தாங்களாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமில்லை. கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்துப் புண்ணைத் துடைக்கும்போது நோயாளிகள் கதறுவார்கள். அந்த நேரத்தில் அக்கா அவர்களிடம் சமையலைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார். "வலிக்குதான்னு கேட்டா வலிக்கத்தான் செய்யும். கொழம்பு எப்படி வைப்பீகன்னு கேட்டுப் பாரு" என்பார் என்னிடம். கேட்டுப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டே அரைக்கீரையும் அயிரை மீனும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

மாரியம்மாளிடம் மட்டும் அது பலிக்கவில்லை. ஒரு பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் வலது கன்னம், கழுத்து, வலது கை எல்லாம் வெந்து வந்தவள் அவள். முப்பத்திரண்டு வயது. மூன்று வாரம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அக்கா தினமும் கேட்பார், அவள் பதில் சொல்ல மாட்டாள். ஒரு நாள் கட்டுப் பிரித்துக்கொண்டே, "ஒனக்கு என்னதான் திங்கணும் போல இருக்கு? அதையாவது சொல்லு தாயி" என்றார்.

"எண்ணெய்ப் பரோட்டா" என்றாள் மாரி சுவரிடம். "சூடா. சட்டியிலருந்து எடுத்த ஒடனே."

"அதுக்கென்ன, வாங்கியாரச் சொல்றேன்."

"வாங்கியாந்தா அது சூடா இருக்காதுக்கா. எங்க வீட்டுக்காரரு பார்சல்தான் வாங்கியாருவாரு. ஏழாயிரம்பண்ணைக்கு வந்து சேர்றதுக்குள்ள நமுத்துப் போயிரும். மொறுமொறுன்னு இருக்கும்னு ஆம்பளைக பேசிக்கிடுவாக. எனக்குத் தெரியாது."

அக்கா பஞ்சைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்து, "நமக்கு மட்டும் தெரியுமா செல்வி? நாப்பத்தஞ்சு வயசாச்சு எனக்கு" என்றார். அவருக்கே அது அந்த நிமிடம்தான் உறைத்திருக்க வேண்டும். மாரியிடம் திரும்பி, "இந்தக் கை மடங்கட்டும். நீயே பிச்சுத் திங்குற அன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அந்தக் கை எளிதில் மடங்கவில்லை. புண் ஆறிய தோல் இறுகி, விரல்கள் விறைத்து நின்றன. பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் அக்கா வீட்டிலிருந்து மைதா மாவைக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டு, "பெசை" என்று அவள் முன்னால் வைத்துவிடுவார். மாரி அழுவாள், திட்டுவாள். "ஒங்களுக்கு எரக்கமே கெடையாதா?" என்று ஒரு நாள் மாவைத் தள்ளிவிட்டாள். அக்கா குனிந்து அதை எடுத்து மறுபடியும் தட்டில் வைத்தார். "எரக்கப்பட ஊர்ல நெறைய பேரு இருக்காக. ஒனக்குப் பரோட்டா பிச்சுக் குடுக்கத்தான் தெனமும் ஆள் வராது."

ஐந்து மாதம் கழித்து வீட்டுக்குப் போனவள், பிறகு பரிசோதனைக்கு வரவே இல்லை. இரண்டு முறை தேதி தவறியதும் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். காய்ந்த காட்டுக்கு நடுவே இறங்கி, விசாரித்துக்கொண்டு போனோம். பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள் மாரி.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்கக்கா வர்றது?"

"மூஞ்சிய யாரு கேட்டா? கைய நீட்டு, பாப்போம்."

நீட்டினாள். விரல்களை மடக்கச் சொன்னார். நான்கு விரலும் மெல்ல மெல்ல உள்ளங்கையைத் தொட்டன.

"சேலைய மாத்திட்டுக் கெளம்பு" என்றார் அக்கா.

விருதுநகரில் நாங்கள் இறங்கியபோது மாலை ஐந்தரை. நாங்கள் வழக்கமாகப் பார்சல் வாங்கும் கடை அது. அப்போதுதான் எண்ணெய் காய்ந்திருந்தது. முதலாளி எங்களைப் பார்த்ததும், "எத்தன பார்சல் சிஸ்டர்?" என்றார்.

"பார்சல் இல்ல அண்ணாச்சி. ஒக்காந்து சாப்பிட வந்திருக்கோம்."

அவர் கொஞ்சம் திகைத்தார். "அப்ப பின்னால ரூம்பு இருக்கு, அங்கன வசதியா ஒக்காரலாம்" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். மைதா மூட்டைகளும் வெங்காய மூட்டைகளும் அடுக்கியிருந்தன. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அக்கா நகரவில்லை.

"அது மூட்டை போடுற ரூம்பு அண்ணாச்சி. நாங்க என்ன மூட்டையா?"

"அதுக்கில்ல சிஸ்டர். யாவார நேரம். ஆம்பளைக கூச்சப்படுவாக."

அக்கா கடைக்குள் திரும்பினார். வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேட்கும் அவருடைய குரல் உங்களுக்கு நினைவிருக்கும். "இங்கன யாருக்காவது கூச்சமா இருக்காய்யா? இருந்தாச் சொல்லுங்க. பின்னால ரூம்பு காலியாத்தான் இருக்காம்."

ஒருவரும் அசையவில்லை. முன்மேசையில் இருந்த வயதான சுமைதூக்குபவர் ஒருவர் தன் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து, "ஒக்காருங்கம்மா" என்றார். தெருவைப் பார்த்த அந்த மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

மாரி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோருடைய கண்ணும் அவள் மேல்தான் இருந்தது. அக்கா அவளைத் தேற்றவில்லை. "முந்தானைய எறக்கு மாரி, சால்னா பட்டுறப் போகுது" என்றார், இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே. மாரி இறக்கினாள்.

பரோட்டா வந்தது. வலது கையால் அதைப் பிடித்தாள். வழுக்கியது. மறுபடியும் பிடித்தாள். நான் உதவக் கையை நீட்டினேன். மேசைக்கு அடியில் அக்கா என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டார். மூன்றாவது முறை, மொறுக்கென்று சத்தத்தோடு அது உடைந்தது. அவளே நொறுக்கினாள், அவளே சால்னாவை ஊற்றிப் பிசைந்தாள், வாயில் வைத்தாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மென்று விழுங்கிவிட்டு, "சால்னாவுல உப்புக் கம்மியா இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

அவர் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தார். "ஏலே, உப்புக் கம்மிதாம்லே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். கடை மொத்தமும் சிரித்தது. மாரியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அன்று அவள் ஆறு பரோட்டா சாப்பிட்டாள், அக்கா ஏழு. கை கழுவும்போது அக்கா என்னிடம், "பார்சல்ல ருசி பாதி வழியிலயே எறங்கிருது செல்வி. இம்புட்டு நாளா நாம மிச்சத்தைத்தான் தின்னுருக்கோம்" என்றார். கோபமாகச் சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். மறு ஆண்டு தீபாவளி சீசன் முடியும் நேரம், வார்டுக்கு ஒரு போன் வந்தது. பரோட்டாக் கடை அண்ணாச்சி. "சிஸ்டர், ஒரு வேன் நெறையப் பொம்பளையாளுக வந்து எறங்கியிருக்காக. ஒங்க பேரச் சொல்றாக. நான் என்ன செய்ய?"

"பரோட்டாவப் போடுங்க அண்ணாச்சி" என்று அக்கா போனை வைத்தார்.

டூட்டி முடிந்ததும் சீருடையோடு ஓடினோம். சிவகாசியில் அட்டைப்பெட்டி ஒட்டும் கம்பெனி ஒன்றில் மாரி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போனஸ் போட்ட மறுநாள் விடுமுறை. கூட வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து, வேன் டிரைவரிடம் பேசி, நேரே விருதுநகருக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். பதினேழு பேர். எல்லா மேசையிலும் அவர்கள்தான். "எனக்கு இன்னும் ரெண்டு", "இங்கன கொஞ்சம் சால்னா" என்று கடை அதிர்ந்தது. வாசலில் ஆண்கள் வரிசையாக நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடம் கிடைக்காது என்று தெரிந்ததும் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த ஆண்டிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு வேன் இரண்டானது. அச்சங்குளத்திலிருந்தும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அண்ணாச்சி பின்னாலிருந்த அறையின் சுவரை இடித்து மேசை போட்டுவிட்டார். "பொம்பளையாளுக வர ஆரம்பிச்ச பொறவுதான் என் சால்னா உருப்பட்டுச்சு" என்று இப்போது அவரே எல்லோரிடமும் சொல்கிறார். போன ஆண்டு அக்காவுக்குச் சர்க்கரை அதிகமாகி, கால் விரலில் ஒன்றை எடுத்திருந்தார்கள். எண்ணெய் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, இரண்டு சாப்பிட்டார். நான் முறைத்தேன். "டாக்டர் பரோட்டாவப் பத்திப் படிச்சிருக்காரு. தின்னுருக்க மாட்டாரு" என்றார்.

அடக்கத்தன்று சர்ச் வளாகத்தில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. இறங்கிய பெண்களைப் பார்த்த போதகர், "சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா" என்று மாரி சொல்லிவிட்டு, முகத்தை மூடாமல் எல்லோருக்கும் முன்னால் நடந்து போனாள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு தடவைகூடத் தனியாகக் கடையில் உட்கார்ந்ததில்லை. அக்கா உட்கார்ந்தார், அதனால் நானும் உட்கார்ந்தேன். போன வாரம் சாத்தூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல பசி. எதிரே ஒரு ஓட்டல். கொஞ்ச நேரம் தயங்கி நின்றேன். பிறகு சாலையைக் கடந்து, உள்ளே போய் உட்கார்ந்தேன். இலையோடு வந்தவர் காலி நாற்காலியைப் பார்த்து, "இன்னும் ஆளு வாராகளாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. நான் மட்டுந்தான்" என்றேன். என் குரலைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் குரல்தான்.