மூக்கில்லாத குருவி

காலை ஏழு இருபதுக்கு, யாங்கோனில் வெள்ளைக்காரர்கள் கட்டிய அந்தப் பழைய தேவாலயத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. முன்வரிசைத் தேக்கு பெஞ்சின் கைப்பிடியில் யாரோ ஒரு துரையின் குடும்பச் சின்னமான கேடயம் செதுக்கப்பட்டிருந்தது. அதில் மூன்று குருவிகள். ஒன்றை அந்தக் கை மூடியிருந்தது.

கைக்குரிய அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். பர்மியப் பெண்கள் அரைத்துப் பூசும் ‘தனக்கா’ மரப்பட்டைக் குழம்பைக் கன்னத்தில் பூசியிருந்தார். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியின் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். எதிரே, பெஞ்சுகளைப் பழுதுபார்க்க வந்த தச்சர் உளியோடு குந்தியிருந்தார்.

"கையை எடுங்கம்மா. அந்தக் குருவிக்கு மூக்கே இல்ல. புதுசா வெச்சுத் தர்றேன்."

"அந்த மூக்கைத் தேய்ச்சது எங்க வீட்டுக்காரர், தம்பி. பாதிரி ஐயா பிரசங்கத்தை இழுத்தார்னா, அவர் கட்டைவிரல் தானா இங்க வந்துடும்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து, போன வருஷம் அவர் போற வரைக்கும்."

"அப்போ பாதிரி ஐயாமாரும் சேர்ந்துதான் தேய்ச்சிருக்காங்க."

அம்மாள் சிரித்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"பழையபடி ஆக்கணும்னு கமிட்டியில சொல்லியிருக்காங்கம்மா," என்றார் தச்சர், குரலைத் தணித்து.

"போட்டோவுல அவர் முறைச்சுக்கிட்டு நிக்கிறார் தம்பி. இங்கதான் அவர் மாதிரியே இருக்கு."

தச்சர் உளியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். போட்டாதாங் துறையிலிருந்து படகின் சங்கொலி கேட்டது. எனக்கு வேறு வேலை இருந்தது. அம்மாளின் பெயரைக்கூடக் கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். பெஞ்சு புது வார்னிஷில் மின்னியது. மூன்று குருவிகளில் இரண்டுக்கு மூக்கு இருந்தது.