மாமன் இல்லாத டேப்

எங்கள் அடுக்குமாடியில் யாருக்கு எந்தத் தகராறு வந்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நீதிமன்றப் பதிவகத்தில் ஆயுளில் பாதியைக் குமாஸ்தாவாகக் கழித்தவன் என்பதால், எனக்குத் தெரியாத விண்ணப்பப் பாரமே கிடையாது என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை சரிதான். சிலருக்குப் பழைய சினிமாப் பாட்டுகள் மறப்பதில்லை, எனக்குப் பாரங்கள்.

போன ஞாயிறு காலை பக்கத்து வீட்டு கவிதா வந்தாள். வீட்டில் இருந்தபடியே சாப்பாட்டுக் கடைகளுக்கு மெனு அட்டையும் விளம்பரமும் வரைந்து கொடுக்கிற பெண். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க அங்கிள். ஒரு கடைக்காரனுக்கு எல்லாம் முடிச்சுக் குடுத்தேன். 'நைஸ்லா சிஸ்டர்'னான். காசு கேட்டதும் ப்ளாக் பண்ணிட்டான்!"

நான் உற்சாகமாகிவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். முதலில் கோரிக்கைக் கடிதம், பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு, வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் சொற்பம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பாரத்தின் முதல் கட்டத்தையும் வாயாலேயே நிரப்பத் தொடங்கினேன்.

"பிரதிவாதியின் முகவரி?"

"தெரியாதே அங்கிள். எல்லாம் போன்லயே பேசினோம்."

பேனா இருந்திருந்தால் மூடி வைத்திருப்பேன். முகவரி இல்லாத பிரதிவாதியை என்ன செய்வது? எங்கள் காலத்தில் காசு கொடுக்காதவனின் முகவரி மட்டுமல்ல, அவன் வீட்டு வாசனையே நமக்குத் தெரியும். செபராங் ஜெயாவில் காளியப்பன் வீட்டு வாசலில் நின்றால் டீசலும் முறுக்கும் சேர்ந்து மணக்கும். வீட்டுக்கு வெளியே அவருடைய மூன்று லாரிகள், உள்ளே அவர் மனைவி பாக்கியம் அக்காவின் எண்ணெய்ச் சட்டி. இன்றைக்கும் லாரி ஏதாவது புகை கக்கிக்கொண்டு போனால் எனக்குப் பசிக்கும்.

அந்த வாசலுக்கு என்னை இழுத்துப்போனவன் என் பள்ளித் தோழன் சேகரன். கல்யாண வீடியோ எடுப்பவன். எங்கள் தீவில், சூலியா தெருவில் ஒரு பணமாற்றுக் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதற்குள் தவணையில் வாங்கிய ஒரு கேமரா, இரண்டு டேப் ஓட்டும் பெட்டிகள், ஒரு பாய். பக்கத்துக் கடையின் கறிக் குழம்பு வாசனை ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். சேகரன் எடுத்துக் கொடுத்த டேப்பை முகர்ந்தாலே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்று நான் கேலி செய்வேன். அவன் அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்வான்.

அந்தத் தொழிலில் ஒரு கஷ்டம். தாலி ஏறும்வரை வீடியோக்காரன்தான் ராஜா. "தம்பி, சாப்டீங்களா? கூலிங் ஏதாச்சும் குடிங்க" என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். தாலி ஏறிய மறுநாள் அவன் கடன்காரன் ஆகிவிடுவான். யாரும் "தர மாட்டேன்" என்று சொல்வதில்லை. படத்தில் குறை கண்டுபிடிப்பார்கள், அவ்வளவுதான். ஒரு வீட்டில் அம்மாவின் அட்டிகை விழவில்லை என்றார்கள். இன்னொருவர், தன் வழுக்கை மட்டும் அதிகம் விழுந்துவிட்டது என்று பாதிக் காசைப் பிடித்துக்கொண்டார். சேகரன் அந்த வழுக்கைக்காக மன்னிப்பு வேறு கேட்டுவிட்டு வந்தான்.

காளியப்பனின் புகார் கொஞ்சம் பெரியது. மகள் தேவியின் கல்யாண டேப்பை வீட்டார் எல்லாரோடும் உட்கார்ந்து பார்த்தார். முன்பணம் போக எண்ணூறு வெள்ளி பாக்கி. எழுந்து சொன்னாராம்: "மாமன் எங்க? தாய்மாமன் இல்லாத கல்யாணத்துக்கு எவனாச்சும் காசு குடுப்பானா?"

டேப்பில் மாமன் இல்லைதான். அவர் மண்டபத்துக்குள்ளேயே இல்லையே, எப்படி இருப்பார்? நடந்தது இது. பெண்ணின் தாய்மாமன் சின்னையா, சீர்த்தட்டுகளோடும் மேளத்தோடும் மண்டப வாசலுக்கு வந்து நிற்கிறார். அவருக்கு மாலை போட்டு உள்ளே அழைக்க வேண்டும். பிறகு அவர் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். அதுதான் முறை. அந்த நேரம் பார்த்து ஒய்.பி. வந்து இறங்கினார். சட்டமன்ற உறுப்பினரை எங்கள் நாட்டில் அப்படித்தான் அழைப்போம். கல்யாணத்துக்கு ஒய்.பி. வருவது இங்கே ஒரு வைபவம். அழைப்பிதழை எல்லாரும் அனுப்புவார்கள், வருவார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே அவருக்கு என்று தனியாக மாலை வாங்கி வைக்கவில்லை. பரபரத்துப்போன காளியப்பன், மச்சானுக்காகத் தட்டில் இருந்த மாலையை எடுத்து ஒய்.பி. கழுத்தில் போட்டுவிட்டார்.

சின்னையா தட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனவர், தாலி கட்டிய கெட்டிமேளத்தை அங்கிருந்தே கேட்டார். சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். பெண்ணை மணவறைக்கு அழைத்துவந்தது ஒரு சித்தப்பா. ஒய்.பி. மாலையோடு சிரிப்பது மட்டும் டேப்பில் துல்லியமாக, இரண்டு கோணங்களில் இருந்தது. பாவம் சேகரன், தன் திறமையைக் காட்டியிருந்தான்.

பாக்கியம் அக்காவும் தம்பி சின்னையாவும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். சேகரனுக்கோ அந்தக் காசு வந்தால்தான் கேமராவின் தவணை. ஆறு மாதம் இழுத்ததில் கேமராக் கடைக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான், மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் ஆள் அனுப்பித் தூக்கிக்கொள்வேன் என்று. அடுத்த மாதம் முழுக்கக் கல்யாணங்கள். கேமரா போனால் தொழிலே போகும்.

நான் களத்தில் இறங்கினேன். அரசாங்க ஊழியன் வெளிவேலை செய்து சம்பாதிக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறாமல் இலவசமாகச் செய்தேன். அதாவது சேகரனைப் போல உழைத்தும் காசு வராதவர்களின் வரிசையில் நானும் சேர்ந்தேன். மலாயில் அழகான ஒரு நினைவூட்டல் கடிதம் தட்டினேன். இரண்டாவதில் கொஞ்சம் உப்பு, மூன்றாவதில் நல்ல காரம். பதில் இல்லை. கடைசியில் இருவரும் ஃபெரி ஏறி அக்கரைக்கு நேரிலேயே போனோம்.

"வாங்க தம்பி, வாங்க. பாக்கியம், தேத்தண்ணி போடு!" காளியப்பன் என் மூன்று கடிதங்களையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். "இதெல்லாம் நீங்களா எழுதினது? படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னா எழுத்து! கவர்மெண்ட்டே எழுதின மாதிரி இருக்கு."

"அண்ணே, காசு விஷயம்..."

"அது இருக்கட்டும். என் லாரிக்கு ஒரு சம்மன் வந்திருக்கு. இதே மாதிரி காரமா ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

முறுக்கு நன்றாக இருந்தது. சம்மன் அபராதத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். காசு வாங்கப் போனவன் கூடுதலாக ஒரு வேலையைச் சும்மா செய்துவிட்டுத் திரும்பினேன். ஃபெரியில் சேகரன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இனி வழக்குதான் என்று முடிவு செய்தேன். பிரதிவாதி அக்கரையில் இருப்பதால் அங்கே பட்டர்வொர்த் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும், அது சரி. மாமன் மண்டபத்துக்குள் வரவே இல்லை என்பதை யார் சொல்வது? அவரே சொன்னால் மறுக்க முடியாதே! இந்த அபாரமான யோசனை தோன்றியதும் எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

சிம்பாங் அம்பாட்டில் சின்னையாவுக்கு லாரி பழுதுபார்க்கும் பட்டறை. ஒரு லாரிக்கு அடியில் இருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"அண்ணே, கோர்ட்லேர்ந்து வர்றோம்" என்று சேகரன் ஆரம்பித்தான். கால்கள் ஆடுவதை நிறுத்தின. பிறகு ஆள் மெல்ல வெளியே வந்தார்.

நான் நிதானமாக விளக்கினேன். அவர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். சத்தியம் செய்ய வேண்டும். தாலி கட்டும்போது தான் மண்டபத்தில் இல்லை என்று சொன்னால் போதும், வேலை முடிந்தது.

"எங்க அக்கா மவ கல்யாணத்துல நான் உள்ள இல்லன்னு, நானே ஏறி நின்னு சொல்லணுமா?"

"ஆமாண்ணே. தமிழ்லயே சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் மலாய்ல சொல்லுவாரு."

"அப்ப அவரு வேற இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுவாரு!"

சின்னையா ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கிரீஸ் போகவில்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாலைக்காக நான் கோவிச்சுக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன், தம்பி. கோவந்தான். ஆனா மண்டபத்துக்கு வெளிய நின்னப்ப மாலை ஞாபகமே இல்ல. அந்தப் புள்ள யாரு கையப் புடிச்சிட்டு வந்துச்சோன்னுதான் இருந்துச்சு." சேகரனைப் பார்த்துக் கேட்டார்: "அந்த டேப்புல, நடுவுல ஏதாச்சும் சொருக முடியுமா?"

சேகரன் குதித்தே விட்டான். "முடியும்ணே! வெட்டி ஒட்டிரலாம்ணே!"

சாட்சி கலைந்துபோனார். என் வழக்கு பட்டறை வாசலிலேயே செத்தது.

மாமன் வருகிற கட்டத்தை மறுபடி எடுத்து டேப்பில் சொருகலாம் என்ற செய்தியைக் கொண்டுபோனபோது காளியப்பன் முதலில் முறைத்தார். "வந்து மாலை போட்டுக்கன்னு நான் போய்க் கூப்பிடணுமா?" பாக்கியம் அக்கா அடுப்படியில் இருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க மாலை வாங்கலன்னா நான் வாங்கிக்கிறேன். போட்டுவிட கை இருக்குல்ல எனக்கு?" என்று குரல் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் வாதம் நடந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலிலேயே கல்யாணம் இரண்டாவது முறையாக நடந்தது. தேவி அதே கூறைச் சேலையைக் கட்டினாள். இதற்குள் வயிற்றில் ஐந்து மாதம். ரவிக்கை ஏறவில்லை. பாக்கியம் அக்கா தையலைப் பிரித்துவிட்டு, "மாலையப் பெருசா வாங்குங்க, எல்லாம் மறைஞ்சிரும்" என்றார். மாப்பிள்ளை மீசையை எடுத்திருந்தார். கண்மையால் ஒன்று வரைந்தோம். வரைந்தது நான்தான், வலப்பக்கம் சற்று ஏறிவிட்டது. நாதஸ்வரம் ஒலிப்பேழையில் இருந்து வந்தது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் சத்தம் கேட்டு வேலி ஓரம் வந்து, ஏற்கெனவே கட்டிவைத்த பெண்ணை ஏன் மறுபடி கட்டுகிறார்கள் என்று மலாயில் கேட்டார். முதல் தடவை சரியாக விழவில்லை என்று சொன்னோம். தலையாட்டிவிட்டு வேலி ஓரத்திலேயே நின்று கடைசிவரை பார்த்தார்.

சின்னையா சீர்த்தட்டோடு வாசலில் வந்து நின்றார். காளியப்பன் மாலையை எடுத்தார்.

"மச்சான், அன்னிக்கு நான்..."

"பேசாதீங்க மாமா. டேப் ஓடுது, பதிஞ்சிரும்."

மாலை விழுந்தது. அடுத்து சின்னையா தேவிக்கு மாலை போட்டு, கையைப் பிடித்தார். அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த ஆள், நாலு எட்டு வைப்பதற்குள் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டார். தேவி அழுதாள். பாக்கியம் அக்கா ஓடிவந்து தம்பியின் முதுகில் ஒரு அடி வைத்தார், அதுவும் பதிவானது. கேமரா லேசாக ஆடியது. பார்த்தால், சேகரன் ஒற்றைக் கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு மற்றதால் அழுதுகொண்டிருக்கிறான். மாப்பிள்ளை மட்டும் அழவில்லை. மீசை கரையும் என்று நான் எச்சரித்திருந்தேன்.

ஆட்டுக்கறிச் சாப்பாடு முடிந்ததும் காளியப்பன் சேகரனின் சட்டைப் பையில் நோட்டுகளைத் திணித்தார். இன்று எடுத்ததற்கும் சேர்த்து. இந்தப் பையன் "பரவாயில்லண்ணே, இது வேணாம்" என்று திருப்பித் தரப் போனான். மேசைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தேன். நான் அந்த விவகாரத்தில் செய்த ஒரே பலனுள்ள சட்ட நடவடிக்கை அதுதான்.

"தம்பி, இன்னொண்ணு" என்றார் காளியப்பன். "அந்த ஒய்.பி.ய வெட்டிரு."

மறுநாள் காலையிலேயே தவணை கட்டப்பட்டது. அந்தக் கேமரா அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்களைப் பார்த்து, தானாகவே ஓய்ந்தது.

சூலியா தெருவில் சேகரனின் அறை இருந்த மாடியில் இப்போது வெள்ளைக்காரர்கள் தங்குகிறார்கள். ஜன்னலில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். காளியப்பன் போய்விட்டார், சின்னையாவும் போய்விட்டார், அந்த லாரிகளும் எந்தப் பழைய இரும்புக் கடையிலோ. காசு கேட்கப் போனவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, கடிதத்தைப் பாராட்டி, காசை மட்டும் கொடுக்காமல் அனுப்புகிற அந்த ரகமும் அவர்களோடு போய்விட்டது. கவிதாவுக்கு அப்படி ஒருவன் கிடைக்கவில்லையே என்று எனக்கு வருத்தம்.

சில மாதங்களுக்கு முன்பு தேவியின் மகளுக்குக் கல்யாணம். அன்று மாலைக்குள் ஒளிந்திருந்த அதே குழந்தைதான். வரவேற்பில் அந்தப் பழைய டேப்பைக் கணினியில் ஏற்றிப் பெரிய திரையில் ஓட்டினார்கள். ஒய்.பி. எங்கும் இல்லை. சித்தப்பாவும் இல்லை. சின்னையா அழுதுகொண்டே பெண்ணின் கையைப் பிடித்து நடந்துவந்தார், மண்டபம் முழுவதும் கை தட்டியது. தேவி எங்கள் மேசைக்கு வந்தாள், கண் நிறைந்திருந்தது.

"பாத்தீங்களாண்ணே? எங்க மாமா அன்னிக்கு எப்படி அழுதாரு! மண்டபமே திரும்பிப் பாத்துச்சே, ஞாபகம் இருக்கா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் ஞாபகம். வெறும் வாசலும் வாசலில் விட்டுப்போன தட்டுகளும் அவளிடம் இல்லை.

"இருக்காதா பின்னே" என்றான் சேகரன்.

பதிவுகளைக் காப்பதே தொழிலாக இருந்தவன் நான். பேசாமல் பாயசத்தைக் குடித்தேன். திரையில் சின்னையாவின் தோளுக்குப் பின்னால், மண்டபத்தின் நட்டநடுவே, காளியப்பனின் லாரி ஒன்றின் மூக்கு நன்றாகத் தெரிந்தது. அங்கிருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.