செடிக்கு ஊற்றிய பால்

சுடர்விழிக்குப் பால் நிறையச் சுரந்தது. அதுதான் அவள் செய்த குற்றம். பால் இல்லாத தாயைக் குறை சொல்ல ஊரில் எப்போதும் ஆள் உண்டு. பால் உள்ளவளையும் தலைகுனிய வைக்கலாம் என்று அவள் குடியிருந்த முத்தியால்பேட்டைக்குக் காட்டியது சேதராப்பட்டில் உள்ள ஒரு மருந்து கம்பெனி.

அங்கே அவளுக்கு மாத்திரை பேக்கிங்கில் வேலை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சாப்பிடுகிற சத்து மாத்திரை அது. அட்டைப்பெட்டியின் மேல் ஒரு சிவத்த பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நாள் முழுக்க மடித்து, ஒட்டி, அடுக்குவதுதான் சுடர்விழியின் பிழைப்பு. புருஷன் பிரேம்குமார் பெரிய மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். லோடு கிடைத்தால் வருமானம், கிடைக்காத நாளில் டீக்கடை. மாதம் பிறந்தால் தவறாமல் வீட்டுக்கு வந்து சேர்வது அவளுடைய சம்பளம் மட்டும்தான்.

மகன் இனியவன் பிறந்து மூன்று மாதத்தில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பிரசவ லீவெல்லாம் கம்பெனி ஆட்களுக்குத்தான், காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடையாது என்று ஆள் எடுக்கும் ஏஜென்ட் ராஜாங்கம் சொல்லிவிட்டார். சட்டம் அப்படிப் பேதம் பார்க்கவில்லை, பார்த்தவர் ராஜாங்கம். ஆனால் கம்பெனி கேட்டில் தினமும் வந்து நிற்பது சட்டம் இல்லையே, ராஜாங்கம்தானே. அவரைப் பகைத்துக்கொண்டால் அந்தத் தொழிற்பேட்டையில் வேறு எந்தக் கம்பெனியிலும் உள்ளே நுழைய முடியாது.

இனியவன் எடை குறைவாகப் பிறந்தவன். தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மா அவனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போனாலும் தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதே, இவன் தேறுவது அதில்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். சுடர்விழி அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டாள். வேலையும் போகக் கூடாது, பாலும் நிற்கக் கூடாது. பிள்ளை சோறு தின்கிற வயசு வரும்வரையாவது இரண்டையும் இழுத்துப் பிடித்துவிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிரேம்குமார் மார்க்கெட்டிலிருந்து பால்சுறா வாங்கி வருவான். பூண்டைத் தட்டிப் போட்டுப் புட்டு கிளறித் தின்பாள். முருங்கைக்கீரை தினமும் உண்டு. வீட்டுக்காரம்மாவின் மகள் பிரான்சிலிருந்து பிரசவத்துக்கு வந்தபோது கொண்டுவந்த, பால் எடுக்கும் கைப் பம்பு ஒன்றை இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த ஊரில் ஆபீசிலேயே அதற்கென்று தனி அறை உண்டாம். இந்த ஊரில் சுடர்விழிக்குக் கிடைத்தது, பெண்கள் உடுப்பு மாற்றும் அறையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மூலை.

பேக்கிங் ஹாலுக்குள் சும்மா போய்விட முடியாது. மேலங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டுதான் நுழைய வேண்டும். வெளியே வந்தால் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, திரும்பப் போகும்போது மறுபடியும் போட வேண்டும். சூப்பர்வைசர் கலைவாணி இரண்டு பிள்ளை பெற்றவள் என்பதால் காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை சுடர்விழியை வெளியே விட்டாள். கூட வேலை செய்யும் லட்சுமி துப்பட்டாவை விரித்து மறைத்து நிற்பாள். கண் பட்டால் பால் வற்றிவிடும் என்று சுடர்விழிக்குப் பயம். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு பீய்ச்சினால்தான் பால் இறங்கும். மிஷின் சத்தத்தில் பிள்ளை முகத்தை நினைப்பது லேசான வேலையா?

எடுத்த பாலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வீட்டுக்குக் கொண்டுபோவாள். முதல் நாள் பிரேம்குமார் மீன் வியாபாரியிடம் ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டான். பாட்டிலெல்லாம் மீன் கவிச்சி. பக்கத்துப் போர்ஷனில் இருந்துகொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் அவனுடைய அக்கா ஜெயம். அவள் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, சுறா தின்றாய் சரி, சுறாவையேவா பீய்ச்சிக் கொண்டுவந்தாய் என்று கேட்டாள். ஜெயத்துக்கு வாய் நீளமே தவிர மனசு கெட்டதில்லை. மறுநாளிலிருந்து அவளே தன் வீட்டு பிரிட்ஜில் ஐஸ் கட்டிக் கொடுத்தாள். பால் பெருகிற்று. பிள்ளைக்குக் கன்னத்தில் சதை வைத்தது. எடை போட்டுப் பார்த்த நர்ஸ் சிரித்ததைச் சுடர்விழி வீடு வந்து சேரும்வரை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கம்பெனியைச் சோதனை போட வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஒரு வாரமாகச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், நந்தியாவட்டைச் செடிகளுக்கு இலை இலையாகத் தண்ணீர் தெளித்தார்கள். செடிக்குக் கிடைத்த கவனிப்பில் பாதி, ஆட்களுக்குக் கிடைத்திருக்கலாம். சோதனை நாளில் பை, பாட்டில், பிளாஸ்க் எதுவும் உள்ளே வரக் கூடாது, இடைவேளை தவிர யாரும் ஹாலைவிட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. பிளாஸ்க் கேட்டிலேயே நின்றுவிட்டது. பம்பும் அதோடு நின்றுவிட்டது.

மத்தியானம் ஆவதற்குள் அவளுக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது. கையைத் தூக்கினால் உயிர் போகிற வலி. கலைவாணியிடம் கெஞ்சி, பாத்ரூமுக்கு என்று சொல்லி வெளியே வந்தாள். மேலங்கியைக் கழற்றி மறுபடி மாட்ட நேரம் இல்லை, அப்படியே வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக் டம்ளரில் கையாலேயே பீய்ச்சினாள். டம்ளர் நிறைந்தது. வலி கொஞ்சம் இறங்கியது.

இப்போது அந்தப் பாலை என்ன செய்வது? வைத்துக்கொள்ளப் பாத்திரம் இல்லை. எதிரிலேயே வாஷ்பேசின் இருந்தது. ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் தாய்ப்பாலைச் சாக்கடையில் விடக் கூடாது, கால் மிதிபடுகிற இடத்தில் கொட்டக் கூடாது, செடியின் அடியில்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் கேட்டு வளர்ந்தவள். உங்களுக்கு அது மூடநம்பிக்கையாக இருக்கட்டும். எடை குறைந்த பிள்ளையைப் பெற்று, கிராம் கிராமாகத் தேற்றிக்கொண்டிருக்கிறவளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பின்கதவைத் திறந்துகொண்டு, மேலங்கியும் தொப்பியுமாக வெளியே போனாள். நந்தியாவட்டைச் செடியின் தூரில் குனிந்து, மெதுவாகப் பாலை ஊற்றினாள். நிமிர்ந்தபோது எதிரே மேனேஜரும், அவர் பின்னால் சோதனைக்கு வந்தவர்களும் நின்றிருந்தார்கள்.

ஹாலில் போடும் உடுப்போடு மண்ணில் நிற்பது அங்கே பெரிய தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, கம்பெனிப் பெண் ஒருத்தி திருட்டுத்தனமாக வெள்ளையாக எதையோ செடியில் கொட்டியது. கெட்டுப்போன மருந்தை ரகசியமாக அழிக்கிறார்களோ என்று வந்தவர்களுக்குச் சந்தேகம். என்ன அது, என்ன அது என்று கேட்டார்கள். அத்தனை ஆம்பிளைகள் நடுவில் சுடர்விழி எப்படிச் சொல்வாள்? கலைவாணி ஓடிவந்து, மென்று விழுங்கி, இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ஒருவன் காலி டம்ளரை வாங்கி மோந்து பார்த்தான். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

டம்ளரை மோந்த அந்த நிமிஷத்தில் தான் செத்திருக்கலாம் என்று அவள் பிறகு லட்சுமியிடம் சொல்லி அழுதாள். தாய்மாருக்கு மாத்திரை வாங்க வந்தவன், ஒரு தாயின் பாலைச் சாராயத்தை மோப்பம் பிடிக்கிற மாதிரி மோந்து பார்த்தான். அதற்கு ஒருத்தன்கூட வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டது அவள்தான்.

சாயங்காலம் கலைவாணி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். கோபமாகப் பேசவில்லை, பேசியிருந்தால்கூடத் தேவலை.

"எம்மேல வருத்தப்படாத சுடரு. இனிமே நடுவுல வெளிய வுடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணு பால நிறுத்திக்க, இல்ல வேலைய நிறுத்திக்க."

"நீங்களும் ரெண்டு புள்ளைக்குக் குடுத்தவங்கதானே மேடம்?"

"நான் ரெண்டாவது மாசமே நிறுத்திட்டேன்டி. என்னா பண்ணச் சொல்ற?"

அதன் பிறகும் அவள் விட்டுவிடவில்லை. கேட்டில் போட்ட தடையை எடுக்கவில்லை என்பதால் பம்பு இல்லாமலே சமாளித்துப் பார்த்தாள். சாப்பாட்டு இடைவேளையில் சோற்றை விட்டுவிட்டு மூலைக்கு ஓடினாள். அந்த மூலையிலும் இப்போது அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். இரவில் மட்டும் பிள்ளைக்குக் கொடுத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். உடம்புக்கு ஷிப்டு தெரியாது. இரவில் பிள்ளை குடித்தான், அதை நம்பிப் பகலில் ஊறியது. துணியை மடித்து வைத்தும் மேலங்கி நனைந்தது. நனைந்த மேலங்கியோடு ஹாலில் நிற்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு பக்கம் பால் கட்டி, குளிர் ஜுரம் வந்து படுத்தாள். ராஜாங்கம் போன் போட்டு, உன் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது என்று அன்பாகவே சொன்னார்.

பால் குறைந்துவிடுமோ என்று பயந்து பயந்து சுறாவும் கீரையுமாகத் தின்று பெருக்கியவள், அது நிறைந்துபோனதற்காக வதைபட்டாள். இதற்கு யாரைச் சபிப்பது?

புருஷனிடம் கேட்டாள். அவன் ஆட்டோ சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நீ என்னா சொல்றியோ அதான்" என்றான். கேட்பவருக்குப் பெருந்தன்மை மாதிரி இருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேலையை விடு என்று சொல்ல முடியாதவனும், பாலை நிறுத்து என்று சொல்லிப் பழி ஏற்க மாட்டாதவனும் சொல்கிற வார்த்தை அது. கிணற்றின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குதிப்பதும் குதிக்காததும் உன் இஷ்டம் என்றால் அதற்குப் பெயர் பெருந்தன்மையா?

பாலை நிறுத்துவதென்று அவளே முடிவெடுத்தாள். ஜெயத்திடம் சொன்னபோது, வழக்கமாக வாயடிக்கிற ஜெயம் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, மல்லிப்பூவை உதிரியாக வாங்கி வந்து நெஞ்சில் வைத்துக் கட்டு, வாடவாட மாற்று, நாலைந்து நாளில் வற்றிவிடும் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடர்விழி பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். முகூர்த்த நாள், பூக்காரர்கள் வரிசையில் கூட்டம் நெரிந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரியிடம் போய் நின்றாள்.

"எத்தினி மொழம் வேணும்மா?"

"கட்டுன பூ வேணாங்க்கா. உதிரியா குடுங்க."

"சாமிக்கா?"

சுடர்விழி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். பூக்காரி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள். தராசுப் பக்கம் போன கை அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொண்ணா, பையனா? எத்தினி மாசம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

கேட்டதன் அர்த்தம் புரியச் சுடர்விழிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பதறிப்போனாள்.

"ஐயோ, நல்லாருக்கான்க்கா. வூட்லதான் இருக்கான்."

"அப்புறம் எதுக்கும்மா இது?"

"வேலைக்குப் போறேன்க்கா."

பூக்காரி பூவை நிறுத்து, வாழையிலையில் வைத்துக் கட்டினாள். கொடுக்கும்போது, "புள்ளய வாரிக் குடுத்தவளுங்கதான் இதுக்கு எங்கிட்ட வந்து உதிரி கேப்பாளுங்க" என்றாள். திட்டுகிற மாதிரியும் இல்லை, ஆறுதல் சொல்கிற மாதிரியும் இல்லை.

சுடர்விழி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கூட்டத்துக்குள் எங்கேயோ யார் வீட்டுக் குழந்தையோ வீறிட்டு அழுதது. அவ்வளவுதான், அவளுக்கு நெஞ்சில் பால் சுரீரென்று இறங்கி, ரவிக்கை நனைந்தது. அழுகிற குழந்தை எது என்று பாலுக்குத் தெரியவில்லை. அவள் பூப்பொட்டலத்தால் அந்த ஈரத்தை மறைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.