எருமைக்குப் போன சத்து

"சர்க்கரை எல்லையில நிக்குது" என்று டாக்டர் சொன்னதும், மனத்துக்குள் என் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல்காரரைத் தேட ஆரம்பித்துவிட்டேன். சர்க்கரைக்கு நல்லதென்று வைட்ஃபீல்டு கடையில் வாங்கிய பழுப்பரிசி மாவைப் பிரித்தால், தவிட்டு வாசனை! அது என்னைச் சின்ன வயதில் பார்த்த தொம்மலூர் ரைஸ் மில்லில் இறக்கிவிட்டது.

ஊரிலிருந்து வரும் நெல்லை அப்பா அங்கேதான் அரைப்பார். "இன்னொரு வாட்டி தீட்டுப்பா, கல்யாண சோறு மாதிரி வெள்ளையா வரணும்" என்பார். சூடாக உதிரும் தவிட்டைக் கையில் அள்ளி முகர்வேன். அதெல்லாம் பக்கத்து வீட்டு முனியம்மாக்காவின் எருமைக்குப் போகும். தினமும் ஏரிவரை மேயப் போய்வரும் அந்த எருமை பளபளவென்று மின்னும். நாங்கள்தான் சோகையாக இருப்போம்.

நார்ச்சத்து, பி வைட்டமின், மெக்னீசியம் எல்லாம் தவிட்டில்தான் அதிகம் என்று இப்போது பாக்கெட் சொல்கிறது. அடப்பாவி எருமையே!

கதையை மனைவியிடம் சொல்லிக்கொண்டே, அந்த மாவில் சுட்ட மூன்றாவது தோசைக்குத் தட்டை நீட்டினேன்.

"தவிடு இருந்தாலும் அரிசி அரிசிதாங்க. ரெண்டோட எந்திரிங்க."

"எருமை வாளி வாளியா தின்னுச்சே, அதுக்கு சர்க்கரை வந்துச்சா?"

"அது ஏரி வரைக்கும் நடந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீங்க ஒரு மாடி இறங்கவே லிஃப்ட்டுக்கு நிக்கிறீங்க."

தட்டை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன்.